கார் ஷெட் ஸ்டோர் ரூம் ஆகலாமா?

வீடு கட்டும்போது காருக்கு இடம் விடுவது விதி. குடிவந்த சில ஆண்டுகளில் அந்த இடத்தில் சாமான் அடுக்குவது வழக்கம். கொலுப் படிகள், கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாக்கள், உடைந்த கட்டில், பிள்ளைகளின் பழைய சைக்கிள் என்று தொடங்கும். வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்வோர் பெருகிவிட்டதால், இப்போது அட்டைப் பெட்டிகளும் துணி மூட்டைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு கட்டத்தில் தார்ப்பாய் போய் ஷட்டர் வருகிறது. பிறகு ஹாலோ பிளாக் சுவர் எழும்புகிறது. அங்கிருந்து அது கார் ஷெட் அல்ல, ஓர் அறை.

இந்த மாற்றத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, பொறியியல் எப்படிப் பார்க்கிறது, அனுமதிக்கும் வழி ஏதும் உண்டா என்று தமிழ்நாட்டு விதிகளை மையமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கிலாந்தின் கட்டட விதிகளும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நம் நகரமைப்புச் சட்டத்தின் சிந்தனை அங்கிருந்து வந்தது என்பதால் அந்த ஒப்பீடு பொருத்தமானதே.

சட்டத்தின் கண்ணில் எது மாற்றம்?

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், கட்டுமானப் பணியை மட்டும் ‘வளர்ச்சி’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கட்டடத்தின் பயன்பாட்டில் கணிசமான மாறுதல் செய்வதையும் அதே வரையறைக்குள் கொண்டுவந்தது. 1947-இல் பிரிட்டன் இயற்றிய நகரமைப்புச் சட்டத்தின் அணுகுமுறை இது. ஆகவே, ஒரு செங்கல்கூட வைக்காமல் கார் நிறுத்தும் இடத்தை வியாபாரக் குடோனாக மாற்றினாலும் அனுமதி பற்றிய கேள்வி எழும். வீட்டுக்காரர் தன் பழைய சாமானை ஷெட்டின் ஓரத்தில் வைத்திருப்பதை நடைமுறையில் எந்த அதிகாரியும் கேட்பதில்லை. சிக்கல் தொடங்குவது இரண்டு இடங்களில்: ஒன்று, சுவர் எழும்பும்போது, மற்றொன்று, வீட்டுச் சாமான் விற்பனைச் சரக்காக மாறும்போது.

2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சென்னைக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு வேறு என்று சிதறிக் கிடந்த விதிகளை ஒரே தொகுப்பாக்கின. இவ்விதிகளில் கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு சலுகை உண்டு. தூண்கள் மேல் கட்டடத்தை நிறுத்தி, கீழே வண்டிகளுக்காக விடப்படும் ஸ்டில்ட் தளம் எஃப்எஸ்ஐ எனும் தளப்பரப்புக் குறியீட்டில் சேராது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், உயரம் குறைந்த கட்டடங்களுக்கான பொதுக் குறியீடான 2-இன்படி 4,800 சதுர அடி கட்டலாம். ஸ்டில்ட் தளம் அதற்கு மேல் கிடைக்கும் இனாம்.

இந்தச் சலுகைக்கு ஒரே நிபந்தனை, அங்கே வண்டி நிற்க வேண்டும். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் என்று வரைபடத்தில் கட்டம் கட்டமாகக் காட்டித்தான் அனுமதி பெறப்படுகிறது. அந்தக் கட்டங்களில் இரண்டைச் சுவர் வைத்து அடைத்தால் இரண்டு விதிகள் ஒருசேர மீறப்படுகின்றன. கணக்கில் வராதிருந்த பரப்பு குறியீட்டில் ஏறிக்கொள்கிறது. கட்டாய வண்டி நிறுத்தத்தின் எண்ணிக்கை குறைகிறது. பில்டர் ஏற்கெனவே குறியீட்டின் எல்லைவரை கட்டி முடித்திருப்பார். பிறகு வரும் ஒரு சின்ன ஸ்டோர் ரூம்கூட எல்லையைத் தாண்டிவிடும்.

தனி வீட்டில் நிலைமை சற்று வேறு. பலர் பக்கவாட்டுத் திறந்தவெளியில் ஷீட் போட்டு ஷெட் அமைத்திருப்பார்கள். அந்தத் திறந்தவெளி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், தீ விபத்தின்போது ஆட்கள் நுழைவதற்கும் விடப்பட்டது. அதில் அறை கட்டினால் அது செட்பேக் எனும் கட்டாயத் திறந்தவெளி விதியின் மீறல். மாறாக, கட்டடத்தின் எல்லைக்குள்ளேயே ஷெட் அமைந்து, எஃப்எஸ்ஐ மிச்சமிருந்து, காருக்கு மனையில் வேறு இடமும் காட்ட முடிந்தால், திருத்திய வரைபடத்துக்கு அனுமதி கேட்க வழி இருக்கிறது.

அடுக்ககத்தில் அந்த இடம் யாருடையது?

‘என் பார்க்கிங், காசு கொடுத்து வாங்கினேன், எதை வேண்டுமானாலும் வைப்பேன்’ என்ற வாதம் எல்லா அசோசியேஷன் கூட்டங்களிலும் கேட்கும். இதற்கு உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் பதில் சொல்லிவிட்டது. மும்பையைச் சேர்ந்த நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை, அது குடியிருப்போரின் பொது இடம் என்று தீர்ப்பானது. அது மகாராஷ்டிர அடுக்ககச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. ஆனால் அதன் தாக்கம் நாடு முழுவதும் உணரப்பட்டது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் உள்ள வண்டியறையே கராஜ். அடைக்கப்படாத பார்க்கிங் அந்த வரையறைக்குள் வராது. அதே சட்டம் பொதுப் பகுதிகளைப் பட்டியலிடும்போது, திறந்த பார்க்கிங்கோடு பொதுச் சேமிப்பிடங்களையும் சேர்த்திருக்கிறது. சாமான் வைக்கும் இடமும் ஓர் அடுக்ககத்தின் உறுப்புதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நம் ஊர் பில்டர்களின் வரைபடங்களில் ஜிம் இருக்கும், பார்ட்டி ஹால் இருக்கும், பொதுச் சேமிப்பறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

‘எனக்குக் கார் இல்லை, இடம் சும்மா கிடக்கிறது’ என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி நிறுத்தம் மனைக்கு விதிக்கப்பட்டதே தவிர, இன்று குடியிருக்கும் ஆளுக்கு அல்ல. நாளை வீடு கைமாறும், கார் வரும். சுவர் மட்டும் அங்கேயே நிற்கும். அந்தக் கார் தெருவில்தான் நிற்கும். ஜப்பான் இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து பிடித்தது. 1962-இல் அங்கே வந்த சட்டப்படி, இருப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்த இடம் இருப்பதாகக் காட்டினால்தான் கார் வாங்கிப் பதிவு செய்ய முடியும். நாமோ இடத்தைக் கட்டடத்திடம் கேட்கிறோம், காரின் சொந்தக்காரரிடம் கேட்பதில்லை. அதனால் ஷெட் போனாலும் கார் போவதில்லை.

தரை தாங்குமா, தூண் தாங்குமா?

விதிமீறல் பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாதது எடை. பாரம் பற்றிய இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, இரண்டரை டன்னுக்கு மிகாத கார்கள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் பாரம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஏறக்குறைய 255 கிலோ. சரக்கு சேமிக்கும் அறைக்கு அதே தர நிர்ணயம் கேட்பது, அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன், எப்படியும் 7.5-க்குக் குறையக் கூடாது. அதாவது மூன்று மடங்கு. கார் நான்கு சக்கரத்தில் நிற்கிறது, சுற்றி வெற்றிடம் இருக்கிறது. காகித பண்டலோ டைல்ஸ் பெட்டியோ அப்படியல்ல. சுவரிலிருந்து சுவர்வரை, தரையிலிருந்து கூரைவரை ஏறும்.

மண்மேல் நேரடியாகப் போட்ட தரை என்றால் இதில் பெரிய ஆபத்து இல்லை. மிஞ்சிப்போனால் தரை அமுங்கி டைல்ஸ் வெடிக்கும். ஆனால் சென்னை வீடுகளில் போர்ட்டிகோவுக்கு அடியில் பெரும்பாலும் சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அந்த சம்பின் மூடு தளம் காரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது, சிமென்ட் மூட்டைகளை மனத்தில் வைத்து அல்ல. தொட்டியின் ஈரத்தால் அத்தளத்தின் அடிப்புறக் கம்பி துருப்பிடித்து, காரை உதிர்ந்திருப்பதை சம்ப் கழுவ இறங்கும் ஆளைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. மேலே சரக்கு ஏறிய பிறகு மூடியைத் திறந்து பார்க்கவும் வழியில்லாமல் போகிறது.

அடுத்தது தூண். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்ககங்கள் சரிந்தன. அவற்றில் ஸ்டில்ட் தளம் கொண்டவை ஏராளம். மேலே சுவர்களால் இறுகிய தளங்கள், கீழே வெறும் தூண்கள். அந்த மென்மையான கீழ்த்தளம்தான் முதலில் மடங்கியது. மறு ஆண்டே ஐஎஸ் 1893 திருத்தப்பட்டு, இத்தகைய தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்றானது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

அப்படியானால் சுவர் வைத்து அடைப்பது பலம்தானே என்று சிலர் கேட்பார்கள். பொறியாளர் கணக்கிட்டுச் சமச்சீராக வைத்தால் பலம். ஆளுக்கொரு மூலையில் வைத்தால் பலவீனம். ஒரு பக்கம் மட்டும் சுவர் இறுகினால், அதிர்வின்போது கட்டடம் அந்தப் பக்கத்தைச் சுற்றித் திருகும். அதைவிட மோசம் அரைச் சுவர். இரண்டு தூண்களுக்கிடையே நான்கடிக்குச் சுவர் எழுப்பி, மேலே காற்றுக்காகக் கம்பி வலை வைப்பது நம்மிடம் சாதாரணம். அந்த நான்கடி உயரத்தில் தூணால் வளைய முடியாது. பத்தடித் தூண் ஏற்க வேண்டிய அசைவையெல்லாம் மேலே எஞ்சிய ஆறடி ஏற்க நேர்ந்து, அங்கே தூண் குறுக்காக வெட்டுப்பட்டதுபோல் உடையும். குட்டைத் தூண் விளைவு என்று பொறியாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். காற்றோட்டத்துக்காக நல்லெண்ணத்தோடு செய்த வேலை, கட்டடத்தின் மிகப் பலவீனமான புள்ளியாகிவிடுகிறது.

தீயும் வெள்ளமும்

தீயின் இயல்பு கீழிருந்து மேலே ஏறுவது. ஸ்டில்ட் தளமோ மாடிப்படியின் காலடியில் இருக்கிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தனர். தீ அரங்கத்துக்குள் தொடங்கவில்லை. தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியின் எண்ணெய் கசிந்து பற்றி, அருகே நின்ற கார்களுக்குப் பரவி, புகை படிக்கட்டு வழியாக பால்கனிக்கு ஏறியது. பலரைக் கொன்றது அந்தப் புகைதான். நம் அடுக்ககங்களில் மின் மீட்டர் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும்: ஸ்டில்ட் தளத்தில், படிக்கட்டின் பக்கத்தில், பெரும்பாலும் யாரோ அடுக்கிவைத்த மெத்தைக்கும் அட்டைப் பெட்டிக்கும் நடுவில்.

எதைச் சேமிக்கிறோம் என்பதற்கும் தனிச் சட்டங்கள் உண்டு. விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு 30 லிட்டர். சமையல் எரிவாயுவுக்கு 100 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து வைத்தாலே 95 கிலோ ஆகிவிடும். கேட்டரிங் நடத்துபவர் வீட்டு ஷெட்டில் ஆறாவது சிலிண்டர் நுழையும்போது அந்த வரம்பு உடைகிறது. கட்டட அனுமதி இருந்தாலும் இந்த வரம்புகள் தளராது.

நிலத்தடித் தளத்தைப் பொறுத்தவரை தேசியக் கட்டட நெறிமுறை ஓரளவு தாராளமாகவே இருக்கிறது. வண்டி நிறுத்தம், இயந்திரங்கள் ஆகியவற்றோடு, எளிதில் தீப்பிடிக்காத வீட்டுச் சாமான்களைச் சேமிக்கவும் இடம் தருகிறது. ஆட்கள் தங்கிப் புழங்குவதைத்தான் அது தடுக்கிறது. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் நடந்தது அந்தத் தடையை மீறியதன் விலை. பார்க்கிங்குக்கும் சேமிப்புக்கும் என்று அனுமதி பெற்ற நிலத்தடித் தளம் பயிற்சி மையத்தின் நூலகமாக இயங்கியது. மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். சேமிப்பறையாகவே இருந்திருந்தால் நனைந்திருப்பது சாமான் மட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023-இன் மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. இங்கே கார் ஷெட் ஸ்டோர் ரூமாகி நின்றுவிடுவதில்லை. ஒரு மின்விசிறி வருகிறது, பிறகு ஒரு கட்டில், பிறகு வாட்ச்மேன் குடும்பம்.

இங்கிலாந்து எப்படிப் பிரித்துப் பார்க்கிறது?

இங்கிலாந்தில் நகரமைப்பு அனுமதியும் கட்டட விதி ஒப்புதலும் தனித்தனிக் கேள்விகள். வீட்டின் அனுபவத்துக்குத் துணையான பயன்பாட்டை அங்கே வளர்ச்சியாகக் கருதுவதில்லை. எனவே ஒருவர் தன் கராஜில் சாமான் வைத்துக்கொள்ள நகரமைப்பு அனுமதி பொதுவாகத் தேவைப்படாது; அந்தக் குடியிருப்புக்கு அனுமதி தந்தபோதே ‘கராஜ் வண்டிக்கு மட்டுமே’ என்று நிபந்தனை போட்டிருந்தால் தவிர.

2010-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் எவையெல்லாம் பயன்பாட்டு மாற்றம் என்று ஒரு பட்டியல் தருகின்றன. வசிக்காத இடம் வீடாவது, விடுதியாவது, கடையாவது போன்றவை அதில் உண்டு. கராஜ் வீட்டுச் சேமிப்பறையாவது அதில் இல்லை. அதே சமயம், செய்யும் வேலை விதிக்கு உட்பட்டது. கராஜ் கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தால் அதன் அஸ்திவாரம், புது வயரிங், சுமை தாங்கும் சுவரில் வைக்கும் திறப்பு எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்ப்பார். வீட்டோடு ஒட்டிய கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே அரைமணி நேரம் தீயைத் தாங்கும் சுவரும், தானே மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவும் வேண்டும். சிந்திய பெட்ரோல் உள்ளே ஓடாமலிருக்கத் தரைச் சரிவோ, 100 மில்லிமீட்டர் உயர நிலைப்படியோ வேண்டும். தனித்து நிற்கும், 30 சதுர மீட்டருக்கு மிகாத, யாரும் உறங்காத ஒற்றைத்தளக் கட்டடம், எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியோ எரியாத பொருளாலோ கட்டப்பட்டிருந்தால், விதிகளிலிருந்தே விலக்கு.

தண்டனையிலும் காலத்தைப் பார்க்கிறார்கள். விதிக்கு மாறான வேலையை இடிக்கவோ திருத்தவோ ஆணையிடும் அவகாசம் முன்பு ஓராண்டு. கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்துக்குப் பின் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பத்தாண்டாக நீட்டியது. வீடு விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் ஒப்புதல் சான்றைக் கேட்பார் என்பதும் அங்கே ஒரு கடிவாளம். லண்டனில் வீடு வாங்கிய தமிழர்கள் பலர் இதைக் கண்டிருப்பார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய அளவுகளை அல்ல, பிரித்துப் பார்க்கும் முறையை. வீட்டுச் சேமிப்பு, வியாபாரச் சேமிப்பு, ஆள் உறங்கும் அறை மூன்றும் ஒரே குற்றமல்ல.

இங்கே மீறினால் என்ன ஆகும்?

1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அனுமதியற்ற கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் தருகின்றன. பூட்டி சீல் வைப்பதும் நடக்கிறது. வியாபாரச் சரக்கு வைத்து வீட்டு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு வருகிறது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறான பயன்பாட்டுக்கு இரு மடங்கு கட்டணம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடலாம்.

இவ்வளவு இருந்தும் மீறல் பெருகியதற்கு வரன்முறைத் திட்டங்களும் ஒரு காரணம். 1971 சட்டத்தில் 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, 1999 பிப்ரவரி 28 வரையிலான விதிமீறல்களைக் கட்டணம் வாங்கி ஏற்க வழிசெய்தது. ஒருமுறை மட்டுமே தரப்படும் சலுகை என்ற அளவில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. அரசோ கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டியது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 113-சி வந்தது, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்தவற்றுக்காக. விதியை மதித்துக் காருக்கு இடம் விட்டவருக்கு ஒன்றுமில்லை, அடைத்தவருக்கு மன்னிப்பு என்று மக்கள் படித்துக்கொண்ட பாடத்தை எந்தச் சுற்றறிக்கையும் அழிக்கவில்லை.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரையிலான வீடுகளுக்கு இணையவழியில் உடனடி அனுமதி தருகிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம் இது. கட்டி முடித்த பிறகு ஷெட் ஷெட்டாகவே இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடுதான் இன்னும் வலுவாக இல்லை.

முடிவாக

தனி வீட்டின் எல்லைக்குள் உள்ள கார் ஷெட்டை ஸ்டோர் ரூமாக்குவது, எஃப்எஸ்ஐ மிச்சமும் மாற்றுப் பார்க்கிங்கும் இருந்தால், அனுமதியோடு செய்யத் தக்க வேலைதான். அடுக்ககத்தின் ஸ்டில்ட் தளத்தை அடைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. அது பொதுச் சொத்து, தீ ஏறும் வழி, கட்டடத்தின் கால்.

ஆனால் தடை மட்டும் தீர்வாகாது. குடும்பத்துக்குச் சாமான் உண்டு, அதற்கு இடம் வேண்டும் என்பதை வரைபடமே ஏற்க வேண்டும். தேசியக் கட்டட நெறிமுறை வீட்டு ஸ்டோர் ரூமுக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 3 சதுர மீட்டர்தான். ஒரு கார் கட்டத்தில் நான்கு அறைகள் அடங்கிவிடும். வீட்டுக்கு ஒன்று என்று இவ்வளவு சிறிய அறைகளை, பார்க்கிங்குக்கு வெளியே, தீத்தடுப்புச் சுவரோடு கட்டினால் எஃப்எஸ்ஐயில் சேர்க்க மாட்டோம் என்று அரசு ஒரு திருத்தம் கொண்டுவரலாம். காருக்குக் கொடுத்த சலுகையை அண்டாவுக்கும் கொடுப்பதில் தவறில்லை.

அதுவரை, ஷெட்டை மாற்ற நினைப்பவர் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து மூன்றைக் கேட்டறிய வேண்டும்: அனுமதி பெற்ற வரைபடத்தில் இந்த இடம் என்னவாகக் காட்டப்பட்டிருக்கிறது, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, இந்தச் சுவர் எந்தத் தூணைத் தொடுகிறது. மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காதவரை சுவர் வேண்டாம். இரும்பு அலமாரி ஒன்று போதும்.